பதினான்கு நாள் நட்சத்திரம்

ஹைட்ரூன் ஃபோல்மர் நட்சத்திரங்களின் காந்தத்தை ஆராய்கிறவர் என்று தெரிந்த நாளிலிருந்து ஊரார் அவருக்குக் காந்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பிறந்தநாளுக்குக் காந்தம், கிறிஸ்துமஸுக்குக் காந்தம். வெளியூர் போய் வந்தவர்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சாய்ந்த கோபுரமும் ஒட்டகமும் வாங்கி வந்தார்கள். அவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கோ மரக் கதவு. எதுவும் ஒட்டாது. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே உருண்டையாகக் கிடந்தன. மூட்டுவலிக்குக் காந்தக் காப்பு போடலாமா என்று கேட்பவர்களிடம், “போடலாம், வலி போகாது” என்பார். கேட்டவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவருக்குக் காந்தத்தை முதலில் அறிமுகப்படுத்தியவர் அப்பா. தென் ஜெர்மனியில், டைல்ஃபிங்கனில் ஒரு பனியன் ஆலையில் மெக்கானிக். பின்னல் இயந்திரத்திலிருந்து தரையில் விழும் ஊசிகளைப் பொறுக்க, கயிற்றில் கட்டிய லாடக் காந்தம் ஒன்று வைத்திருந்தார். பள்ளி முடித்த மகள், நட்சத்திரத்திலும் காந்தம் இருக்கிறது, அதைத்தான் படிக்கப் போகிறேன் என்றாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“அங்க யாரோட ஊசி விழுந்துச்சு?”

எங்கள் ஷ்வாபியப் பக்கத்தில் இதற்குப் பெயர் சம்மதம். சம்மதமில்லை என்றால் கேள்வியே கேட்டிருக்க மாட்டார்.

படித்தார், டாக்டர் பட்டம் வாங்கினார், ராய்ட்லிங்கனுக்கு மேலே ஆல்ப் மேட்டில் இருக்கும் ஓபர்ஷ்டைக் விண்நோக்ககத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு காந்தக்காரர் இருந்தார். டாக்டர் எபர்ஹார்ட் க்யூப்லர். இவரைவிட இரண்டு வயது மூத்தவர், இருபது வயது மூத்தவரைப்போல நடந்துகொள்பவர். ஒரே தொலைநோக்கி, ஒரே கருவி, இரண்டு பேர். இருவரும் முப்பது வருஷம் ஒரே அறையில் காபி குடித்தார்கள். ‘ஃப்ராவ் ஃபோல்மர்’, ‘ஹெர் க்யூப்லர்’, ‘நீங்கள்’ என்பதைத் தாண்டி ஒரு நாளும் இறங்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. மரியாதைதான். அது சண்டையைவிட நீண்ட நாள் தாங்கும்.

அப்போதைய இயக்குநர் அய்ஸெலே, சுத்தம் செய்ய வந்த பெண்மணி ஒருமுறை தன் ஏப்ரனால் கருவியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர். அன்றே உத்தரவு போட்டார்: இனிக் கருவியை விஞ்ஞானிகளே துடைக்க வேண்டும், அடுக்கு வீடுகளில் பொதுப் படிக்கட்டைக் கூட்ட உள்ளதுபோலக் கூட்டுவாரம் முறையில். அதாவது ஒரு வாரம் நீ, மறு வாரம் நான். யார் முறையோ அவர் கதவில் ‘கூட்டுவாரம்’ என்று எழுதிய பலகை தொங்கும். திங்கட்கிழமை காலையில் முறைக்காரர் கருவியைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். அந்த வாரம் முழுக்கக் கருவியும் வானமும் அவருக்கு. எங்கள் பக்கத்தில் பிறந்த எவருக்கும் இதைவிட நியாயமான ஏற்பாடு தோன்றாது. அய்ஸெலே போன பிறகும் அந்த வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

கருவியின் உயிர் ஒரு சின்ன மைக்காத் தகட்டில் இருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது, பித்தளை வளையத்துக்குள் பதித்தது. நட்சத்திரத்தில் காந்தம் இருந்தால் அதன் ஒளியிலுள்ள கோடுகள் இரண்டாகப் பிரியும். ஒன்று வலமாகச் சுழலும் ஒளி, மற்றது இடமாகச் சுழலும் ஒளி. எது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுவது அந்தத் தகடு. அதை வைத்துத்தான், நட்சத்திரம் நமக்குக் காட்டுவது வட துருவமா தென் துருவமா, கூட்டலா கழித்தலா என்று சொல்வார்கள். தகட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் வடக்கு தெற்காகிவிடும். அதற்காகவே வளையத்தின் ஒரு பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்கள். புள்ளி இருக்கும்போது தப்பு எப்படி வரும்?

க்யூப்லருக்கென்று நட்சத்திரங்கள் இருந்தன, ஹைட்ரூனுக்கென்று இருந்தன. அவரவர் வாரத்தில் அவரவர் நட்சத்திரம். வீணை மண்டலத்தில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. மங்கலான, எவரும் சீண்டாத நட்சத்திரம். இரவு விடாமல் பார்த்தால்தான் அதன் கதை தெரியும் என்று ஹைட்ரூனுக்குத் தோன்றியது. “உங்க வாரத்துலயும் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்” என்று கேட்டார். க்யூப்லர் எடுத்துக் கொடுத்தார். அந்த இருவரும் வாழ்க்கையில் பங்குபோட்டுக்கொண்ட ஒரே பொருள் அதுதான்.

அதுதான் புரண்டது. ஒரு வாரம் வட துருவத்தைக் காட்டும், மறு வாரம் தென் துருவத்தைக் காட்டும். நடுவில் தயக்கமோ தளர்ச்சியோ கிடையாது, தோசையைத் திருப்பிப் போட்ட மாதிரி. பதினான்கு நாளில் ஒரு சுற்று. இப்படி ஒரு நட்சத்திரத்தை யாரும் பார்த்ததில்லை. ஹைட்ரூன் கட்டுரை எழுதினார்; க்யூப்லருக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி சொன்னார். உலகம் அதை ‘ஃபோல்மர் நட்சத்திரம்’ என்று அழைத்தது. க்யூப்லர் அந்தக் கடைசிப் பக்கத்தை மறக்கவேயில்லை. “பாதி அளவு என்னோடது” என்று காபிக்குச் சர்க்கரை போடும்போதெல்லாம் சொல்வார்.

ஒரு மாநாட்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுந்து, “மிகச் சரியாகப் பதினான்கு நாளா? சந்தேகமாக இருக்கிறதே” என்றார். ஹைட்ரூன், “நட்சத்திரத்துக்கு நம் காலண்டர் தெரியாது” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒரு சின்ன உறுத்தல் மட்டும் இருந்தது: ஆகஸ்டில் அந்த நட்சத்திரம் மூன்று வாரம் புரளாமல் ஒரே முகத்தைக் காட்டும். அதற்கு அவர் ‘ஆகஸ்ட் தயக்கம்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்துவிட்டால் பாதி புரிந்த மாதிரிதான்.

காலம் போயிற்று. ஊர் வெளிச்சம் கூடி வானம் வெளுத்துப்போனதால் கோபுரத்தை மூடிவிட்டு, கருவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். க்யூப்லர் ஓய்வு பெற்று ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஹைட்ரூன் பழைய அளவுகளை வைத்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. அவர் பெயரைத் தாங்கிக்கொண்டு இந்த உலகத்தில், சரியாகச் சொன்னால் இந்த உலகத்துக்கு வெளியே, இருந்தது அந்த நட்சத்திரம் ஒன்றுதான். அவரும் ஓய்வு பெறும் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை பாராட்டு விழா என்று முடிவாயிற்று. சிறப்புரைக்குக் கீல் நகரிலிருந்து டாக்டர் ட்யார்க் ஹின்ரிக்சனைக் கூப்பிட்டிருந்தார்கள். கெட்டிக்காரர், கடலோரத்து வடக்கத்தியார், ஹைட்ரூனின் கட்டுரைகளைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தவர்.

விழா வாரத்தின் புதன்கிழமை அவர் போன் செய்தார்.

“ஃப்ராவ் ஃபோல்மர்! உங்க நட்சத்திரம் நின்னுபோச்சு!”

“எங்க நின்னுச்சு?”

“புரள்றது நின்னுபோச்சுங்க. கேனரித் தீவுத் தொலைநோக்கியில ஒரு மாசமாப் பாக்குறேன். எப்பவும் கூட்டல்தான். அசையவே மாட்டேங்குது. நட்சத்திரம் புரள்றதப் பாத்தது நீங்க. இப்ப அது ஓய்ஞ்சு நின்னுருக்கு! இத எவனும் பாத்ததில்ல. வெள்ளிக்கெழம உங்க விழாவுலயே அறிவிக்கப் போறேன். இன்னொண்ணு… உங்க ஆகஸ்ட் தயக்கம் இருக்கே? அதான் முன்னறிகுறி. வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா நிக்கப் பாத்துருக்கு. சமன்பாடே எழுதி உங்களுக்கு அனுப்பியும் வச்சுட்டேன்!”

ஹைட்ரூன் நன்றி சொல்லிப் போனை வைத்தார். புரண்ட நட்சத்திரம் அவருக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. நின்ற நட்சத்திரம் அதைப் பாடப் புத்தகத்தில் ஏற்றிவிடும். பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தார். வழியில் சிரித்துக்கொண்டதாகவும் சொல்கிறார்கள். ராய்ட்லிங்கனில் இதெல்லாம் கவனிக்கப்படும்.

மாடிப்படியில் எதிர்வீட்டு ஃப்ராவ் பிட்ஸர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். படிக்கட்டிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை.

“ஃப்ராவ் டாக்டர், திங்கக்கெழமையிலேருந்து உங்க வாரம். படியப் பாத்தா அப்படித் தெரியலையே.”

“தெரியும் ஃப்ராவ் பிட்ஸர். பலகதான் தொங்குதே.”

“தொங்குது. திருப்பில்ல தொங்குது! எழுத்து கதவப் பாத்துக்கிட்டு இருக்கு. கதவா வந்து கூட்டப் போகுது?”

“கூட்ட வேண்டியவ கதவுக்கு உள்ளதான இருக்கேன். எழுத்து என்னப் பாத்துத் தொங்குது.”

“எழுத்து படிக்கிறவங்களப் பாக்கணும்! படியேறி வர்றவங்க படிக்கணும். எத்தன வருசமா சொல்றேன்? பேசாம அதுல எழுத்தே வேண்டாம். நேரா தொங்குனா பிட்ஸர் வாரம், திரும்பித் தொங்குனா டாக்டரம்மா வாரம்னு இந்தக் கட்டடத்துல பூனைக்குக்கூடத் தெரியும்.”

ஹைட்ரூன் ஒரு காலை மேல்படியில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன ஆச்சு? மயக்கமா?” என்றார் ஃப்ராவ் பிட்ஸர், கொஞ்சம் பயந்துபோய். “சும்மா சொன்னேங்க. நாளைக்குக்கூடக் கூட்டிக்கலாம்.”

வீட்டுக்குள் போய்க் கோட்டைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார் ஹைட்ரூன். உள்ளே வந்ததும் அடுப்பில் நேற்றைய பருப்பைச் சூடுபண்ண வைத்தது நினைவிருந்தது; அது தீயும் வாசனை வந்ததும் தெரிந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

சிவப்புப் புள்ளி. அதை அவர் எப்போதும் நட்சத்திரத்தைப் பார்த்து வைப்பார். ஒளி அங்கிருந்துதானே வருகிறது? வேறு மாதிரியும் வைக்கலாம் என்பது ஒருநாளும் அவர் மனதில் எட்டிப் பார்த்ததில்லை. தோன்றாததை யாரிடம் கேட்பது? க்யூப்லர் எப்படி வைத்தார்? அவரும் கேட்டதில்லை. ஒருவர் வாரத்தில் மற்றவர் மூக்கை நுழைப்பது அநாகரிகம். அவரவர் நட்சத்திரங்கள் அவரவர் கையில் ஒழுங்காக இருந்தன. இருவர் கையும் பட்ட ஒன்று மட்டும் வாரத்துக்கு வாரம் புரண்டது. ஆகஸ்டில் க்யூப்லர் குடும்பத்தோடு மூன்று வாரம் இத்தாலியில் கார்டா ஏரிக்குப் போவார். அவருடைய வாரங்களையும் ஹைட்ரூனே பார்த்துக்கொள்வார்.

நட்சத்திரம் தயங்கவில்லை. க்யூப்லர் நீந்திக்கொண்டிருந்தார்.

அதைவிட மோசமானது அடுத்துத்தான் உறைத்தது. எப்பவும் கூட்டல் என்றார் ஹின்ரிக்சன். கூட்டல் காட்டியதெல்லாம் க்யூப்லரின் வாரங்கள். அப்படியானால் திருப்பி மாட்டியது தான்தான். இந்த ஒரு நட்சத்திரம் மட்டுமில்லை. வாழ்நாளெல்லாம் அளந்த அத்தனைக்கும் வடக்கைத் தெற்கென்று எழுதி வைத்திருக்கிறார். பலம் சரி, காலம் சரி, எல்லாம் சரி. தலைகீழ், அவ்வளவுதான்.

மறுநாள் காலை க்யூப்லரின் தோட்டத்துக்குப் போனார். க்யூப்லர் ஏணிமேல் நின்று, மதுவுக்கான ஆப்பிள்களைக் கோணிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஹெர் க்யூப்லர், அந்தச் சிவப்புப் புள்ளிய நீங்க எந்தப் பக்கம் வச்சு மாட்டுவீங்க?”

“இதென்ன கேள்வி? குறின்னா பாக்கறவனுக்குத்தான. நம்மளப் பாத்துத்தான் வைக்கணும்.” ஏணியில் பாதி இறங்கி நின்றார். “நீங்க?”

“நட்சத்திரத்தப் பாத்து.”

“நட்சத்திரம் வந்து படிக்கவா?”

“நேத்து இதையே பக்கத்து வீட்டம்மாவும் கேட்டாங்க.”

எல்லாவற்றையும் சொன்னார். ஹின்ரிக்சன் சொன்னதை, கூட்டல் யாருடைய வாரம் என்பதை, கார்டா ஏரியை. க்யூப்லரின் முகத்தில் ஓர் ஒளி பரவியது. முப்பது வருஷம் கடைசிப் பக்கத்தில் கிடந்த மனிதர். சரியாக மாட்டியது அவர்தான். அந்தச் சந்தோஷம் அவர் ஏணியிலிருந்து தரைக்கு வந்து சேரும்வரை நீடித்தது.

“அப்ப… புரள்றது?”

“புரளவே இல்ல.”

“என் பாதி?”

“உங்க பாதி, என் பாதி ரெண்டும் சேந்தாத்தான் புரளும். இப்ப எதுவும் இல்ல.”

க்யூப்லர் கோணிமேலேயே உட்கார்ந்துவிட்டார். சரியாக இருந்ததனாலேயே எல்லாவற்றையும் இழந்தவரை எப்படித் தேற்றுவது என்று ஹைட்ரூனுக்குத் தெரியவில்லை. அவரே தேற்றப்படும் நிலையில்தான் இருந்தார்.

“இருங்க,” என்றார் க்யூப்லர், குரலைத் தாழ்த்தி, மரங்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. “அந்த வடக்கத்திப் பையன் நின்னுபோச்சுன்னுதான சொல்றாரு? நிக்கட்டுமே. முன்னாடி புரண்டுச்சு, இப்ப நின்னுருச்சு. யாருக்கு என்ன நட்டம்? பழைய கருவி பெட்டிக்குள்ள இருக்கு. கேக்க ஆளில்ல. அவர்கிட்டச் சொல்லி ஃபோல்மர்–க்யூப்லர் நட்சத்திரம்னு போடச் சொன்னீங்கன்னா…”

“அவரு ஆகஸ்ட் தயக்கத்துக்குச் சமன்பாடு எழுதியிருக்காரு, ஹெர் க்யூப்லர். நீங்க ஏரியில நீந்துனதுக்குச் சமன்பாடு.”

“நல்ல சமன்பாடா?”

“பாத்தேன், அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு. இன்னும் பத்து வருசம் அத வச்சுக்கிட்டு உக்காந்துருவாரு.”

க்யூப்லர் ஓர் ஆப்பிளை எடுத்துச் சட்டையில் துடைத்தார். நன்றாகத் துடைத்தார், அவர் துடைப்பதில் என்றைக்கும் குறை இருந்ததில்லை.

“அந்த நட்சத்திரத்த விட்டா உங்க பேர்ல வேற என்ன இருக்கு?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

“ஒரு டப்பா நிறையக் காந்தம்.”

வெள்ளிக்கிழமை விழா மண்டபத்தில் உப்பு ரொட்டியும் வெள்ளை ஒயினும் வைத்திருந்தார்கள். துறையின் சார்பில் பரிசு: முழங்கை உயரத்துக்கு ஒரு லாடக் காந்தம், சிவப்பு ரிப்பன் கட்டியது. ஹைட்ரூன் மிக ஆச்சரியப்பட்டதுபோல வாங்கிக்கொண்டார். போனில் சொல்கிற விஷயமில்லை என்று, ஹின்ரிக்சனை விழாவுக்கு முன்பே நேரில் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தார். அவருடைய ரயில் தாமதமாகி, ஓடிவந்து நேராக மேடையேறிவிட்டார். நம் ரயில்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஹின்ரிக்சன் நன்றாகப் பேசினார். புரண்ட நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னபோது பழைய மாணவர்கள் தலையாட்டினார்கள். நின்றுபோனது என்றபோது மண்டபம் மூச்சை இழுத்தது. ஆகஸ்ட் தயக்கத்தின் சமன்பாடு திரையில் வந்தது. முன்வரிசையில் கழுத்துப்பட்டை கட்டி உட்கார்ந்திருந்த க்யூப்லர் அதை உற்றுப் பார்த்தார். தன் விடுமுறையை இவ்வளவு மரியாதையாக யாரும் எழுதியதில்லை என்பதுபோல இருந்தது அவர் முகம்.

கைதட்டல் நீண்டது. ஹைட்ரூனை நன்றியுரைக்கு அழைத்தார்கள். அந்தக் கைதட்டலிலேயே நின்றுவிடலாம். “எல்லாருக்கும் நன்றி” என்று சொல்லி இறங்கினால் போதும். மேஜைமேல் இருந்த பெரிய காந்தத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்:

“இந்த வாரம் யார் யார் வீட்டுல கூட்டுவாரம்? கையத் தூக்குங்க.”

சிரிப்போடு பாதிப் பேர் கையைத் தூக்கினார்கள்.

“எனக்கும்தான். இன்னும் கூட்டல. சரி, தூக்காதவங்களக் கேக்குறேன். போன வாரம் நீங்க துடப்பத்த ஒரு பக்கம் வச்சுருப்பீங்க, இந்த வாரம் அவங்க இன்னொரு பக்கம் வச்சுருப்பாங்க. படியப் பாத்தே யாரு வாரம்னு சொல்லிருவீங்களா இல்லையா?”

“அதெல்லாம் கண்ணத் தொறக்காமலே சொல்லிருவேன்!” என்றது பின்வரிசை.

“ஓபர்ஷ்டைக்லயும் கூட்டுவாரம் இருந்துச்சு. ஒரு வாரம் ஹெர் க்யூப்லர், ஒரு வாரம் நான். ரெண்டு வாரத்துக்கு ஒரு சுத்து.” முன்வரிசையிலிருந்த க்யூப்லரைப் பார்த்தார். “பதினாலு நாள்.”

முதலில் பின்வரிசையில் யாரோ தும்மியதுபோல ஒரு சத்தம். பிறகு அது மண்டபம் முழுக்கப் பரவியது. புள்ளியைப் பற்றிச் சொல்லி முடிக்கும்முன்பே ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் புரியவில்லை.

“மன்னிக்கணும்,” என்றார் ஹின்ரிக்சன் எழுந்து, வெளிறிப்போய். “கூட்டுவாரம்னா என்ன?”

மண்டபம் இரண்டாம் முறை அதிர்ந்தது.

“உங்க ஊர்ல படிய யாரு கூட்டுவா?” என்று கேட்டார் ஹைட்ரூன்.

“அதுக்கு ஆள் வருவாங்க.”

“அதான் உங்க நட்சத்திரம் அசையாம நிக்குது.”

ஹின்ரிக்சன் மெதுவாக உட்கார்ந்தார். தலையை மட்டும் நிமிர்த்தி, “அப்ப ஆகஸ்ட்?” என்றார்.

“கார்டா ஏரி,” என்றார் க்யூப்லர், முன்வரிசையிலிருந்து திரும்பி. “ரொம்ப நல்ல தண்ணி.”

ஹைட்ரூன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தான் அளந்த அத்தனை நட்சத்திரங்களுக்கும் கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டுக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மண்டபம் அவரைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தது. அவர் காந்தத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ஒயின் வேளையில் க்யூப்லர் கோப்பையோடு வந்தார். “முப்பது வருசமாச்சு. இனியாவது ‘நீ’ன்னே பேசிக்கலாமே. நான் எபர்ஹார்ட்.”

“வேண்டாம் ஹெர் க்யூப்லர். ஒரே ஒரு தடவ ஒண்ணாச் சேந்தோம். என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?”

ஹின்ரிக்சனின் கட்டுரை நல்லவேளையாக இன்னும் அச்சுக்குப் போயிருக்கவில்லை. சமன்பாட்டை என்ன செய்தார் என்று தெரியாது. ஆனால் மனிதர் நேர்மையானவர். இரண்டு வருஷம் கழித்து அவர் எழுதிய பாடப் புத்தகத்தில் ‘கருவிப் பிழைகள்’ என்ற அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்த்தார். இரண்டு கவனமான மனிதர்கள் முறைவைத்துப் பயன்படுத்தும் எந்தக் கருவியிலும் தோன்றக்கூடிய பொய்ச் சுழற்சி. காலம் பதினான்கு நாள். பெயர், ஃபோல்மர்–க்யூப்லர் சுழற்சி. மாணவர்கள் இப்போது அதைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். நிஜமாகவே இருக்கும் எத்தனையோ நட்சத்திரங்களுக்கு இந்த யோகம் வாய்த்ததில்லை.

புத்தகம் வந்த அன்று க்யூப்லர் போன் செய்தார். ஹைட்ரூன் படிக்கட்டில் வாளியோடு இருந்தார். அது அவருடைய வாரம். பலகை மட்டும் இன்னும் கதவைப் பார்த்தே தொங்கிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா ஃப்ராவ் ஃபோல்மர்? நம்ம பேரு!”

“பாத்தேன்.”

“ஒண்ணே ஒண்ணுதான். ஏபிசி வரிசப்படி உங்க ‘V’க்கு என் ‘K’தான் முன்னால வரணும். அதோட, சரியா மாட்டுனது நானு.”

ஹைட்ரூன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

“புத்தகத்தத் திருப்பிப் புடிச்சுப் படிங்க, ஹெர் க்யூப்லர்,” என்றார்.